எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்: ஒரு மர்ம நாவலைப் பிரித்துக் கோத்த பதிவு

மூன்று ஆண்டுகள் எழுதிய நாவல். 41 அத்தியாயங்கள், 78,000 சொற்கள், அச்செடுத்தால் 346 பக்கங்கள். அதைத் திருப்பி அனுப்பிய பதிப்பாசிரியர் கூடவே இரண்டு வரி எழுதியிருந்தார்: "ரகசியம் வலுவானது. ஆனால் அது வெளிப்பட்ட பிறகு இந்த வீட்டில் யாருக்கும் எதுவும் மாறவில்லை." முதல் வரி எனக்கு உடனே புரிந்தது. இரண்டாவது வரி புரிய ஐந்து மாதங்கள் ஆயின. அந்த ஐந்து மாதங்களில் எதைப் பிரித்தேன், எதைத் தவறாகப் பூட்டினேன், எதைத் தூக்கி எறிந்தேன் என்பதை வேலை நடந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன். இதே போன்ற கைப்பிரதி ஒன்று உங்கள் மேசையிலும் இருந்தால் ஏதேனும் ஓர் இடம் உதவக்கூடும்.

முதலில் கதை. ஒரு சிறிய ஊர். அங்கே பஞ்சுக் கிடங்கு வைத்திருந்த குடும்பம். 28 ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில் கிடங்கு எரிந்தது; உள்ளே இருந்த காவலாளி இறந்துபோனார். அவர் புகைத்துவிட்டு நெருப்பை அணைக்காமல் தூங்கியிருப்பார் என்று பேச்சு முடிந்தது. காப்பீட்டுப் பணம் வந்தது, கிடங்கு மறுபடியும் எழுந்தது. அப்பா சில ஆண்டுகளில் இறந்தார். இப்போது அம்மாவும் இறந்துவிட, வெளியூரில் வாழும் இளைய மகள் வீட்டை விற்க வருகிறாள். அக்கா அந்த வீட்டை விட்டு எங்கும் போகாதவள். கிடங்குக்குத் தீ வைத்தவர் அப்பா. இதுதான் ரகசியம். முதல் வரைவில் 41ஆம் அத்தியாயத்தில், அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்த அப்பாவின் கடிதத்தை எடுத்து இளையவள் படிக்கிறாள். அழுகிறாள். நாவல் முடிகிறது.

பழுது எங்கே என்று தெரியாமல் திருகாணியைக் கழற்றக் கூடாது என்பதால் முதலில் ஒரு சோதனை செய்தேன். மூன்று நண்பர்களிடம் அச்சுப்பிரதியும் பென்சிலும் கொடுத்தேன். கருத்து எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டே வேலை. படிப்பதை நிறுத்திப் புத்தகத்தைக் கீழே வைக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் ஒரு கோடு போட வேண்டும். யார்மீதாவது சந்தேகம் எழுந்தால் ஓரத்தில் அந்த ஆளை ஒரே சொல்லில் எழுத வேண்டும். நண்பர்கள் கருத்துச் சொல்லும்போது கருணையும் சேர்ந்து வந்துவிடும். பென்சில் கோட்டில் கருணை இருக்காது.

பிரதிகள் திரும்பி வந்தன. ஒருவர் 9ஆம் அத்தியாயத்தின் ஓரத்தில் "அப்பா" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் 11இல். மூன்றாமவர் 16இல். அதாவது விடை தெரிந்த பிறகு குறைந்தது 25 அத்தியாயங்கள் அவர்கள் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். கோடுகளும் அதையேதான் சொல்லின. முதல் 15 அத்தியாயங்களில் ஆளுக்கு மூன்று நான்கு கோடுகள். 17ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு கோடுகள் பெருகின. ஒருவர் 17க்கும் 30க்கும் இடையில் மட்டும் 11 முறை புத்தகத்தைக் கீழே வைத்திருந்தார்.

இதைப் பார்த்து நான் எடுத்த முடிவு தவறானது. ரகசியத்தை இன்னும் ஆழமாகப் புதைக்க வேண்டும் என்று நினைத்தேன். மூன்று வாரம் அந்த வேலைதான். அப்பாவின் கூட்டாளி ஒருவரைப் புதிதாகக் கொண்டுவந்து அவர்மீது சந்தேகம் விழும்படி 6,000 சொற்கள் எழுதினேன். அப்பாவைக் காட்டிக்கொடுத்த இரண்டு தடயங்களை எடுத்தேன். அவரைப் பற்றிய பேச்சையே குறைத்தேன். பிறகு நாவலைப் படிக்காத ஒருவரிடம் முதல் 15 அத்தியாயங்களைக் கொடுத்தேன். அவர் 8ஆம் அத்தியாயத்திலேயே "அப்பா" என்று எழுதிவிட்டார்.

ஏன் என்று யோசித்தபோது ஒன்று விளங்கியது. குடும்ப ரகசியத்தைச் சொல்லும் கதையில், வீட்டில் யாரைப் பற்றிப் பேச்சே எழவில்லையோ அவரைத்தான் வாசகர் முதலில் திரும்பிப் பார்க்கிறார். துப்பறியும் கதை வாசகர் தடயத்தைத் தேடுகிறார். குடும்பக் கதை வாசகர் மௌனத்தைத் தேடுகிறார். நான் தடயங்களை எடுத்த இடமெல்லாம் மௌனமாகிவிட்டது. மறைக்க மறைக்க அப்பா பெரிதாகத் தெரிந்தார். கூட்டாளியையும் அவருடைய 6,000 சொற்களையும் மொத்தமாக நீக்கினேன். அவரோடு மூன்று வார உழைப்பும் போயிற்று. ஆனால் அந்த வழி அடைபட்ட வழி என்று உறுதியாகத் தெரிந்தது. திரும்பவும் அந்தப் பக்கம் போகவில்லை.

அப்போதுதான் திகில் பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் சொன்ன மேசைக் குண்டு உதாரணம் நினைவுக்கு வந்தது. 1962இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடனான நீண்ட உரையாடலில் அவர் விளக்கியது அது. மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாமல் வெடித்தால் கிடைப்பது 15 விநாடித் திடுக்கிடல். குண்டு இருப்பதை முன்பே காட்டிவிட்டு, மேசையில் இருப்பவர்களைச் சாதாரணமாகப் பேசவிட்டால் கிடைப்பது 15 நிமிடப் பதைபதைப்பு. பலமுறை படித்த செய்திதான். ஆனால் என் நாவலுக்கு அருகில் அதை வைத்துப் பார்த்ததே இல்லை.

அதைவிட ஆழமாகத் தைத்தது சிலப்பதிகாரம். சிலம்பு விற்க வந்த கோவலன் மதுரைத் தெருவில் எதிர்ப்படும் பொற்கொல்லன்தான் அரசியின் சிலம்பைத் திருடியவன் என்பதை இளங்கோவடிகள் அங்கேயே நமக்குச் சொல்லிவிடுகிறார். கோவலனுக்குத் தெரியாது, அரசனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அதனால்தான் அடுத்து வரும் ஒவ்வொரு வரியையும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்கிறோம். கண்ணகி சிலம்பை உடைக்கும்போது உள்ளே இருப்பது மாணிக்கம் என்பதும் நமக்கு முன்பே தெரியும். அந்தக் காட்சியில் வாசகர் புதிதாக அறிவது எதுவுமில்லை. அரசன் அறிகிறான். அறிந்த கணத்தில் அவன் உயிர் போகிறது.

என் 41ஆம் அத்தியாயத்தில் இது தலைகீழாக இருந்தது. கடிதத்தைப் படித்து வாசகர் அறிகிறார். அறிவதால் இளையவளுக்கு என்ன ஆகிறது என்று நான் எழுதவே இல்லை. பதிப்பாசிரியரின் இரண்டாவது வரி இதுதான்.

இனி சரியான வேலை தொடங்கியது. பெரிய தாள்கள் நான்கை ஒட்டி ஓர் அட்டவணை வரைந்தேன். நெடுக்கில் ஆட்கள்: அப்பா, அம்மா, அக்கா, தங்கை, காவலாளியின் மனைவி, காவலாளியின் மகன், பழைய கணக்குப்பிள்ளை, எதிர்வீட்டுக்காரர். குறுக்கில் ஐந்து கட்டங்கள். இவருக்கு என்ன தெரியும்? எப்போதிலிருந்து? இது தெரியும் என்பது வேறு யாருக்குத் தெரியும்? மற்றவர்களுக்கு என்ன தெரியும் என்று இவர் நினைக்கிறார்? தெரிந்ததால் இவர் தினமும் செய்யும் காரியம் என்ன?

முதல் கட்டம் அரைமணியில் நிறைந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்று, நான்கில் கொஞ்சம் தடுமாற்றம். ஐந்தாவது கட்டம் மேலிருந்து கீழ்வரை வெறுமையாகவே கிடந்தது. அக்காவுக்கு 15 வயதிலிருந்து உண்மை தெரியும் என்று எழுதியிருந்தேன். அந்த 28 ஆண்டுகளும் அவள் அதற்காக என்ன செய்தாள்? ஒன்றும் இல்லை. பெருமூச்சு விட்டாள், ஜன்னலருகே நின்றாள். அம்மாவும் அப்படித்தான். ரகசியத்தை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிய பொருள்போல நான் நினைத்திருக்கிறேன். வீட்டில் இருக்கும் ரகசியம் அப்படிச் சும்மா கிடக்காது. யாராவது அதை நாள்தோறும் காக்க வேண்டும். ஒரு பேச்சைத் திசைதிருப்ப வேண்டும், ஒரு தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், ஓர் ஊருக்குப் போகாமல் இருக்க வேண்டும். அந்த உழைப்பைத்தான் நான் எழுதாமல் விட்டிருந்தேன். நாவலின் பழுது அந்த வெற்றுக் கட்டத்தில் இருந்தது.

கட்டத்தை நிரப்ப ஒன்பது நாள் ஆனது. இந்த மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் நிறைவு தந்த நாட்கள் அவைதான்.

அம்மாவிலிருந்து தொடங்கினேன். அவர் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காவலாளியின் மனைவி வீட்டுக்குப் போய் ஓர் உறையைக் கொடுத்துவிட்டு வருகிறார். தீ நடந்த மறுமாதம் தொடங்கி, இறப்பதற்கு முந்தைய மாதம் வரை. 336 மாதங்கள். வீட்டுக் கணக்கு நோட்டில் பெயர் இல்லாமல் தொகை மட்டும் இருக்கும். காவலாளியின் மகன் பள்ளியில் சேர்ந்த ஆண்டில் தொகை கூடும், மேல்படிப்புக்குப் போன ஆண்டில் இன்னும் கூடும். அக்கா: எரிந்த இரவுக்கு மறுநாள் அப்பாவின் சட்டையைத் துவைத்தவள் அவள். அதனாலேயே அந்த வீட்டை விட்டுப் போக முடியாதவள். வெளியூர் வேலை ஒன்று வந்தும் மறுத்தவள். இவ்வளவும் எழுதிய பிறகு காவலாளியின் மனைவி வரிசைக்கு வந்தேன். முதல் வரைவில் அவருக்கு எதுவும் தெரியாது. நன்றியோடு கைகூப்பும் ஏழை, அவ்வளவுதான். 28 ஆண்டுகள் மாதந்தோறும் உறை வாங்கும் ஒரு பெண்ணுக்கு அது ஏன் வருகிறது என்று தெரியாமல் இருக்குமா? அவரைப் பற்றி அப்படி எழுதியதை நினைத்து உண்மையிலேயே வருந்தினேன். அவருடைய முதல் கட்டத்தில் "எதுவும் தெரியாது" என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு "எல்லாம் தெரியும்" என்று எழுதினேன்.

அந்த ஒரு திருத்தம் அட்டவணை முழுவதையும் அசைத்தது. அவருக்குத் தெரியும் என்றால், அது அம்மாவுக்கும் தெரியும். இருவரும் 336 முறை வாசலில் எதிரெதிரே நின்று அதைப் பற்றிப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். இனி எதிர்வீட்டுக்காரர்? மாதந்தோறும் பார்ப்பவர். கணக்குப்பிள்ளை? அந்தத் தொகையை எழுதியவர். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மூடி தேவைப்படாத சமயமும் உண்டு. ஊரே சேர்ந்து வாயை மூடிக்கொள்ளும் சமயம் அது. காப்பீட்டுப் பணத்தில் எழுந்த புதிய கிடங்கில் அந்தத் தெருவின் பாதிப் பேருக்கு வேலை கிடைத்தது. பேசினால் வேலை போகும். பேசாமல் இருந்தே பழகிவிட்டார்கள். முதல் வரைவில் சிறிய ஊர் என்றாலே மூடுபனி, வெறிச்சோடிய தெரு, முறைத்துப் பார்க்கும் கிழவர் என்று எழுதிக் குவித்திருந்தேன். அவை அனைத்தையும் எடுத்தேன். சிறிய ஊரின் அச்சம் தெரியாத முகங்களில் இல்லை. எல்லா முகமும் தெரிந்தது என்பதில் இருக்கிறது. இந்தக் கதையில் உண்மை தெரியாத ஒரே ஆள், ஊரை விட்டு வெளியே வளர்ந்த இளையவள் மட்டும்தான்.

அதனால் "தீ வைத்தவர் அப்பா" என்பதை 41ஆம் அத்தியாயத்திலிருந்து பெயர்த்து 6ஆம் அத்தியாயத்தில் வைத்தேன். கை நடுங்கியது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். நாவலின் முடிவையே எடுத்து முன்னால் வைத்தால் பின்னால் என்ன மிஞ்சும் என்ற பயம். பழைய கோப்பின் நகலைத் தனியாகச் சேமித்துவிட்டுத்தான் தொட்டேன்.

இந்த இடமாற்றம் இன்னொரு பழுதையும் சேர்த்துச் சரிசெய்தது. அத்தியாயங்கள் மாறி மாறி அக்கா, தங்கை இருவரின் பார்வையிலும் போகின்றன. அக்காவின் மனத்துக்குள் நின்று எழுதிக்கொண்டே அவளுக்குத் தெரிந்த முக்கியமான செய்தியை மட்டும் வாசகருக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். இது ஏமாற்று வேலை. ஒருவரின் எண்ணத்துக்குள் வாசகரைக் கூட்டிப்போனால் அவர் அப்போது எண்ணுவதைக் காட்டியாக வேண்டும். மறைக்க வேண்டுமென்றால் வெளியிலேயே நிற்க வேண்டும். பழைய பத்தி இப்படி இருந்தது:

"அக்கா ஜன்னலருகே நின்றாள். மனத்தில் ஏதோ ஒன்று கனத்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் எல்லாம் முடிந்துவிடும்."

மாற்றி எழுதியது:

"ஒன்றாம் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. அம்மா இல்லாமல் வரும் முதல் ஒன்றாம் தேதி. அக்கா உறைக்குள் பணத்தை வைத்தாள், எடுத்து எண்ணினாள், திரும்ப வைத்தாள். கிடங்கை எரித்தது அப்பா என்று அறிந்தவர்களில் இந்த வீட்டில் இனி அவள் ஒருத்திதான். உறையை எந்தக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும், வாசலில் நின்று என்ன சொல்ல வேண்டும் என்று அம்மா சொல்லித்தரவே இல்லை."

"ஏதோ ஒன்று", "யாரோ ஒருவர்", "அந்த இரவு", "அது மட்டும் தெரிந்தால்" போன்ற சொற்களைக் கோப்பு முழுவதும் தேடிப் பார்த்தேன். 64 இடங்களில் இருந்தன. ஒவ்வோர் இடத்திலும் அந்த "ஏதோ" என்ன என்று பெயர் சொல்லி எழுதினேன். பெயர் சொல்ல முடியாத இடங்களில் வரியையே நீக்கினேன். மர்ம நாவல் எழுதுபவர் யாராக இருந்தாலும் இந்தத் தேடலை ஒருமுறை செய்து பார்க்கலாம். ஒரு பிற்பகல் போதும்.

அத்தியாய முடிவுகளுக்கும் அதே சிகிச்சை. 41இல் 29 அத்தியாயங்கள் ஒரு கொக்கியோடு முடிந்தன. கதவு தட்டப்படும், தொலைபேசி மணி அடிக்கும், நிழல் அசையும். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் படித்து வளர்ந்த கை இது. "தொடரும்" என்ற சொல்லுக்கு முன் ஒரு கொக்கி வைத்தால் அடுத்த இதழ்வரை ஏழு நாள் அது வாசகரைப் பிடித்திருக்கும். புத்தகத்தில் அந்த ஏழு நாள் இல்லை. பக்கத்தைப் புரட்டினால் கதவைத் தட்டியது தபால்காரர் என்று இரண்டாவது வரியில் தெரிந்துவிடுகிறது. மூன்று முறை இப்படி ஏமாந்த வாசகர் நான்காவது முறை நிமிர்ந்து உட்காரமாட்டார். நான்கு கொக்கிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்தேன். பல அத்தியாயங்கள் கடைசிப் பத்தியை வெட்டியதுமே சரியாக முடிந்தன.

காலக்கணக்கு சுருக்கமான வேலை, ஆனால் அவசியமானது. 4ஆம் அத்தியாயத்தில் காவலாளியின் மகன் அக்காவோடு ஒரே வகுப்பில் படித்தவன். 22ஆம் அத்தியாயத்தில் காவலாளி இறந்து நான்கு மாதம் கழித்துப் பிறந்தவன். தீயின்போது அக்காவுக்கு 15 வயது, தங்கைக்கு 6. இப்போது 43, 34. பிறக்காத பிள்ளை அக்காவின் வகுப்பில் இருக்க முடியாது. ஒவ்வொருவரின் வயதையும் ஆண்டுவாரியாக ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மகனுக்கு இப்போது 27. அவனுடைய வயதே ஏறக்குறைய இந்த ரகசியத்தின் வயது என்று ஆனது நல்ல பலன். கதை நடக்கும் காலத்தையும் மூன்று மாதத்திலிருந்து 19 நாட்களாகச் சுருக்கினேன்: ஒன்றாம் தேதிக்கு ஐந்து நாள் முன்பு தொடங்கி, வீட்டுப் பத்திரம் பதிவாகும் நாள் வரை.

பிறகு தீ. இங்கேதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது.

முதல் வரைவில் அப்பா இரவு 12 மணிக்குத் தீக்குச்சியைக் கிழித்துப் போடுகிறார், ஐந்து நிமிடத்தில் கிடங்கு முழுக்க எரிகிறது. எழுதும்போது யோசிக்கவே இல்லை. இப்போது பஞ்சுத் தீயைப் பற்றிப் படித்தேன். உதிரியாகக் கிடக்கும் பஞ்சு சட்டென்று பற்றி ஓடும். ஆனால் அழுத்திக் கட்டிய பொதி அப்படி எரியாது. ஒரு கங்கு உள்ளே புகுந்தால் சுடர் தெரியாமல் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். அணைத்துவிட்டோம் என்று நினைத்த பொதி பின்னர் மறுபடி பற்றிக்கொள்வதும் உண்டு. பஞ்சுக் கிடங்கில் தீ என்றால் விபத்து என்று நம்புவது எளிது என்பதற்கும் காரணம் இதுதான். ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் தீ தொடங்கியிருந்தால் விசாரிக்க வருபவர்களுக்கு உடனே சந்தேகம் வரும். ஒரே பொதியில் கனன்ற கங்குக்கு யாரும் சாட்சி இல்லை.

அப்படியானால் பஞ்சு வணிகத்தில் ஊறிய அப்பா தீக்குச்சி கிழித்திருக்கமாட்டார். மாலையில் ஒரு பொதிக்குள் கங்கை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பார். அன்று காவலாளிக்கு விடுப்பு. கிடங்கு காலி என்று நினைத்திருப்பார். ஆனால் காவலாளி விடுப்பை ரத்து செய்துவிட்டு இரவு 9 மணிக்கு வேலைக்குப் போகிறார். சுடர் எழுந்தது 12 மணிக்கு. நடுவில் மூன்று மணிநேரம் இருக்கிறது.

தாளில் அந்த மூன்று மணிநேரத்தைக் குறித்துவிட்டு வெகுநேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். தீக்குச்சியைக் கிழிப்பது ஒரு நொடி. ஆத்திரத்தில் செய்தது, அறியாமல் செய்தது என்று எதையும் சொல்லிக்கொள்ளலாம். மூன்று மணிநேரத்தில் எழுந்து போய்க் கதவைத் திறந்து அந்த மனிதரை வெளியே வரச் சொல்லியிருக்கலாம். அவர் உள்ளே இருந்தது வீட்டில் யாருக்காவது தெரியுமா?

தெரியும் என்பதற்கான தடயம் என் கைப்பிரதியிலேயே கிடந்தது. 2ஆம் அத்தியாயத்தில், சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பெரிய சாவி தொங்குகிறது என்று எழுதியிருந்தேன். பழைய வீடு என்று காட்டுவதற்காகப் போட்ட ஓர் அலங்காரம். அதற்குப் பிறகு அந்தச் சாவியை நான் தொடவே இல்லை. கிடங்குச் சாவி வீட்டில் இருந்தால், இரவு 9 மணிக்குக் காவலாளி அதை யாரிடமிருந்து வாங்கிக்கொண்டு போனார்? அம்மாவின் கையிலிருந்து.

கொடுத்தபோது அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. பத்து மணிவாக்கில் அப்பா தான் செய்ததைச் சொல்கிறார். சாவியைக் கொடுத்துவிட்டேன் என்று அம்மா அப்போது சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு நாவலில் நான் பதில் எழுதப்போவதில்லை; அவருக்கே பதில் இருந்திருக்காது என்று நம்புகிறேன். அந்த 336 உறைகளும் கணவன் செய்த குற்றத்துக்காகக் கொடுத்தவை என்றுதான் அக்கா நினைத்திருக்கிறாள், ஊரும் நினைத்திருக்கிறது, 30ஆம் அத்தியாயம்வரை வாசகரும் நினைப்பார். காவலாளியின் மனைவி மட்டும் அப்படி நினைக்கவில்லை. அன்றிரவு வேலைக்குக் கிளம்பிய காவலாளி, முதலாளி வீட்டில் போய்ச் சாவியை அம்மாவிடம் வாங்கிக்கொள்கிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இதற்காக நான் புதிதாக ஒரு திருப்பத்தையும் திணிக்கவில்லை. சாவி ஆணியிலேயே இருந்தது. பஞ்சு எப்படி எரியும் என்று சரிபார்க்கப் போன இடத்தில் இது கிடைத்தது. செய்தியைச் சரிபார்ப்பது கதைக்கு வெளியே நடக்கும் துப்புரவு வேலை என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன்.

இனி கடிதம் வேண்டாம். அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் ஒருவர் உண்மையை அறியும் வழிகளைத் தரம்பிரிக்கும்போது, தழும்பு, அணிகலன் போன்ற அடையாளப் பொருளால் அறிவதைக் கீழே வைக்கிறார். நிகழ்ச்சிகளின் போக்கிலேயே அறிவதை உச்சியில் வைக்கிறார். அலமாரிக்குப் பின்னால் கிடந்த என் கடிதம் கடைசிப் படியில்தான் நிற்கும். இறந்தவர் எழுதிய கடிதத்தோடு யாரும் வாதாட முடியாது, அதனிடம் கேள்வி கேட்க முடியாது, அது முகம் சுளிக்காது. அதை எடுத்துவிட்டு மூன்று காட்சிகளை வைத்தேன்.

ஒன்றாம் தேதி காலை. அம்மா வரும் நேரத்தில் எப்போதும் திறந்திருக்கும் அந்த வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. அக்கா உறையோடு வாசலில் நிற்கிறாள். தெருமுனையில் நின்று தங்கை பார்த்துவிடுகிறாள். இது 13ஆம் அத்தியாயம். வாசகருக்கு அக்காவின் அச்சம் தெரியும், தங்கைக்குத் தெரியாது; எனவே ஒரு பெண் மூடிய கதவுக்கு முன் நிற்பதை மூன்று பக்கம் எழுத முடிந்தது. இரண்டாவது, தங்கை கணக்கு நோட்டில் பெயரில்லாத பதிவுகளை எண்ணி, முதல் பதிவின் தேதியைப் பார்ப்பது. மூன்றாவது, வீட்டை வாங்குபவரிடம் ஒப்படைக்கச் சாவிகளைச் சேகரிக்கும்போது ஆணியில் இருப்பது எதன் சாவி என்று தங்கை கேட்பது. அக்கா யோசிக்காமல் பதில் சொல்கிறாள். சொல்லி முடித்த பிறகுதான் அன்றிரவு அது யார் கையில் இருந்தது என்று அவளுக்கே உறைக்கிறது. 28 ஆண்டுகளாக அனைத்தும் தெரியும் என்று வாழ்ந்தவள் அவள். அந்த இடத்தை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

இப்போது 33 அத்தியாயங்கள், 61,000 சொற்கள். அப்பா பேசும் ஒரே பழைய நினைவுக் காட்சியான 29ஆம் அத்தியாயம் இன்னும் சரியாக வரவில்லை. அவர் தேவைக்கு மேல் விளக்கிப் பேசுகிறார். அதை எட்டு முறை எழுதிவிட்டேன். அடுத்த முறை அவருக்கு வசனமே இல்லாமல் எழுதிப் பார்க்கப்போகிறேன். காவலாளியின் மகனுக்கும் ஐந்தாவது கட்டத்தில் நான் எழுதியிருக்கும் காரியம் போதுமானதாக இல்லை. தன் படிப்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த இளைஞன் அந்த ஊரில் ஏன் இருக்கிறான் என்பது எனக்கே பிடிபடவில்லை.

இருந்தாலும் புதிய பிரதியை, பழைய நாவலைப் படிக்காத இரண்டு பேரிடம் பென்சிலோடு கொடுத்தேன். அதே இரண்டு வேலைகள். ஒரு பிரதி நேற்று திரும்பி வந்தது. புத்தகத்தைக் கீழே வைத்த கோடுகள் மொத்தமே ஏழு. 13ஆம் அத்தியாயத்தில் ஒன்றும் இல்லை. 24ஆம் அத்தியாயத்தின் ஓரத்தில் "அம்மா" என்று எழுதி, அதன்மேல் அழுத்தமாக அடித்திருந்தார். 30ஆம் அத்தியாயத்தில் அதே சொல் மறுபடியும் இருந்தது. அதை அவர் அடிக்கவில்லை.